தரைக்கும் வியர்க்கும்



இன்றைய பேச்சு தரையைப் பற்றியது. காலுக்குக் கீழே கிடக்கிறதே, அந்தத் தரைதான்.

வீடு கட்டும்போது எல்லோரும் கூரையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கதவுக்கு என்ன மரம் போடலாம் என்று நான்கு பேரிடம் கேட்கிறார்கள். தரை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் கையில் இருந்த பணம் கரைந்துவிடுகிறது. "எப்படியாவது போட்டுக் கொடுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிடுகிறார்கள். எப்படியாவது போட்ட தரை எப்படியோதான் இருக்கும்.

புனே நகரில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். பெரியவர்கள் இன்னும் பூனா என்றே சொல்வார்கள். ராணுவ முகாம், ரயில்வே, தொழிற்சாலை என்று வேலைக்கு வந்தவர்கள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இப்படி வந்தவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிலருக்கு அது கடற்கரை ஊர். இங்கே சம்பாதித்து, அங்கே ஒரு வீட்டுக்குத் தரை போடுகிறார்கள். ஆகவே இங்கே உள்ள தரையும் தெரிய வேண்டும். கடற்கரைத் தரையும் தெரிய வேண்டும்.

புனேயில் சிமெண்ட் தரைக்குக் 'கோபா' என்று பெயர். அது மராத்திச் சொல். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஷஹாபாத் கல் பதிப்பார்கள். அந்தக் கல் கர்நாடகத்தில் உள்ள ஷஹாபாத் பக்கத்திலிருந்து வருகிறது. வசதி குறைந்த வீட்டில் கோபாதான்.

கோபாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். மண் தரை சிமெண்ட் தரையாக மாறினால் வீட்டில் பெரிய மாற்றம் வரும். மெக்சிகோ நாட்டில் கோவாய்லா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரைகளுக்கு அரசாங்கமே சிமெண்ட் போட்டுக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். மண் தரை முழுவதும் சிமெண்ட் ஆனால், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பாதி அளவு குறைகிறது என்று கண்டார்கள். குடல் பூச்சித் தொல்லை அதைவிட அதிகமாகக் குறைந்தது. சோகை நோயும் குறைந்தது. ஒரு தரையால் இவ்வளவு நடக்கும்.

ஆனால் தரை உலர்ந்து இருக்க வேண்டும். ஈரத் தரையில் பாதி நன்மை போய்விடும்.

புனே கடற்கரை ஊர் அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே சஹ்யாத்ரி மலை. மலைக்கு அந்தப் பக்கம் கொங்கணக் கடற்கரை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வருகிறது. மேகம் மழையில் பெரும்பகுதியைக் கொங்கணத்திலும் மலையிலும் கொட்டிவிடுகிறது. கொங்கணத்து ரத்னகிரியில் ஆண்டுக்கு 300 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புனேயில் 70, 75 சென்டிமீட்டர்தான். மழை குறைவு. ஆனால் காற்றில் ஈரம் குறைவு இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது. தீப்பெட்டி நமுத்துப் போகும். தரையும் நனையும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தகரக் கூரை. கோபாத் தரை. காலையில் வீட்டுக்காரம்மா தரையைத் துடைக்கிறார். பத்து மணிக்கு மறுபடி ஈரம். பாயைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பூசணம். அரிசி மூட்டையின் அடி மக்கிப் போயிருக்கிறது. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. போன வருடமும் இப்படித்தான் ஆனது. அப்போது மேஸ்திரி தரைக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். இந்த ஜூனில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது.

"என்ன மேஸ்திரி, போன வருஷம்தானே அடிச்சீங்க? இப்படி உரிஞ்சு வருதே?"

"ஈரம் வாங்கியிருக்கும்மா. இன்னொரு கோட்டிங் அடிச்சிடலாம்."

இன்னொரு கோட்டிங் அடித்தால் அதுவும் உரியும். மேஸ்திரி ஏமாற்றுக்காரர் அல்ல. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

தரைக்கு ஈரம் இரண்டு பக்கத்திலிருந்து வரும்.

ஒன்று, கீழே இருந்து. விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது. திரி அதை மேலே இழுக்கிறது. ரஸ்க் ரொட்டியின் நுனியைத் தேநீரில் வைத்தால் தேநீர் மேலே ஏறுகிறது. சிமெண்ட் தரையும் அப்படித்தான். பார்ப்பதற்குக் கல் போல இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் துளைகள். மண்ணில் உள்ள ஈரம் அந்தத் துளைகள் வழியாக ஏறி வரும்.

இன்னொன்று, மேலே இருந்து. வெயில் நாளில் ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால், டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். டம்ளர் ஓட்டை அல்ல. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த டம்ளரில் பட்டுத் துளியாகிறது. மண்ணின் மேல் கிடக்கும் தரை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். ஜூன் மாத ஈரக் காற்று அதில் படும்போது தரை வியர்க்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆகவே முதலில் எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மருத்துவமனைக்குப் போவது போல எங்கும் போக வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாள் போதும்.

ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். உள்ளே இருப்பது தெரிகிற கெட்டித் தாள். தரையைத் துணியால் நன்றாகத் துடைத்து, விசிறியால் உலர்த்திவிட்டுத் தாளை விரிக்க வேண்டும். நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். சாயங்காலம் ஒட்டி மறுநாள் மதியம் வரை விட வேண்டும். 16 மணி நேரமாவது ஆக வேண்டும். பிறகு பாருங்கள். தாளின் அடியில் துளி இருந்தால், அல்லது அடியில் உள்ள தரை கறுத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேலே மட்டும் ஈரம், அடியில் உலர்ந்திருக்கிறது என்றால், ஈரம் காற்றிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஈரம் என்றால், இரண்டு நோயும் சேர்ந்திருக்கிறது. இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்ய வேண்டும். மார்ச் மாதத்தில் எந்தத் தரையும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

காற்று ஈரத்துக்கு அதிகச் செலவு இல்லை. தூறல் விழும் காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் ஈரக் காற்றுத்தான் உள்ளே வரும். அந்த நேரத்தில் மூடிவிட்டு விசிறியைப் போட வேண்டும். வெயில் எட்டிப் பார்த்தால் உடனே திறக்க வேண்டும். சமையல் ஆவி வெளியே போக வழி வேண்டும். ஈரத் துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டால், துணியில் உள்ள தண்ணீர் தரைக்குத்தான் வரும். மழைக்காலத்தில் வேறு இடம் இல்லை என்பது உண்மைதான். அப்படியானால் கதவு ஓரமாக, விசிறி படும் இடத்தில் போடலாம். அரிசி மூட்டையும் பெட்டியும் செங்கல் மேல் பலகை வைத்து உட்கார வேண்டும்.

மண்ணிலிருந்து வரும் ஈரம்தான் பிடிவாதமானது. அங்கேதான் பெயிண்ட் தோற்கிறது. கீழே இருந்து வரும் ஈரத்தை மேலே மூடிப் போட்டு அடக்க முடியாது. சோற்றுப் பானையில் மூடி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆவி மூடியைத் தள்ளும். பெயிண்டையும் தள்ளும். வினைல் விரிப்பு போட்டால் அடியில் ஈரம் தங்கி நாறும். டைல் ஒட்டினால், வருடம் போகப் போக இடுக்கில் வெள்ளை உப்புப் பூக்கும்.

ஆகவே தரையைக் கீழே இருந்து காப்பாற்ற வேண்டும். புதிதாகத் தரை போடுகிறவர்களுக்கு அது எளிது. அந்த நாளை விட்டுவிட்டால் பிறகு எளிது அல்ல.

முதலில் உயரம். வெளியே உள்ள நிலத்தைவிட வீட்டின் தரை ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும். ஒன்றரை அடி என்பது இன்றைய கணக்குக்குப் போதும் என்று நினைக்கக் கூடாது. தெருவில் தார் போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது. வீடு உயர்வதில்லை. இருபது வருடத்தில் வாசல்படி காணாமல் போன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு.

அடுத்தது அடிமண். புனேயின் பல பகுதிகளில் கரிசல் மண். மழையில் வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தரையும் வெடிக்கும். தரைக்கு அடியில் கரிசலை வாரி எடுத்துவிட்டு 'முரும்' நிரப்புவது இந்த ஊர் வழக்கம். முரும் என்பது பாறை உதிர்ந்த மண். தமிழ்நாட்டில் கிராவல் கொட்டுவோமே, அதுபோல. கடற்கரையில் கரிசல் தொல்லை கிடையாது. அங்கே மணல். ஆனால் தோண்டினால் ஐந்தாறு அடியில் தண்ணீர், அதிலும் உப்பு.

எந்த மண்ணாக இருந்தாலும் ஒரே தடவையில் கொட்டி மூடக் கூடாது. அரை அடி கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். பிறகு அடுத்த அரை அடி. இடிக்காத மண் இரண்டு மழைக்குப் பிறகு தானே இறங்கும். தரைக்கு அடியில் பொந்து விழும். தட்டினால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும் தரைகள் அப்படி வந்தவை.

மண்ணின் மேலே பெரிய கற்களை அடுக்க வேண்டும். புனே மேஸ்திரிகள் இதைச் 'சோலிங்' என்பார்கள். கையளவு கற்களை நெருக்கமாக அடுக்கி, சந்தில் சின்னக் கற்களைச் செருகுவார்கள். இது பாரம் தாங்குவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத்தைத் தடுப்பதற்கும் இதுதான். பஞ்சுத் திரியில் எண்ணெய் ஏறும். கூழாங்கல் குவியலில் எண்ணெய் ஏறுமா? ஏறாது. துளை பெரிதானால் தண்ணீர் ஏற முடியாது.

கல்லின் மேல் மெல்லிசாக மணல். மணல் மேல் பிளாஸ்டிக் தாள். இந்தத் தாள்தான் முக்கியம். காய்கறிக் கடைப் பை போல இருந்தால் ஜல்லி குத்தியே கிழிந்துவிடும். 250 மைக்ரான் கனம் வேண்டும். கடையில் 1000 கேஜ் என்று கேட்டாலும் அதுதான். இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று அரை அடி ஏற வேண்டும். சுவர் ஓரத்தில் தாளை மேலே மடக்கிவிட வேண்டும். தாளின் மேல் 4 அங்குலம் அடிக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், 4 பங்கு மணல், 8 பங்கு ஜல்லி.

மொத்தத் தரைச் செலவில் இந்தத் தாளின் விலை சிறியது. ஆனால் கேட்காவிட்டால் பல மேஸ்திரிகள் போட மாட்டார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

"இதெல்லாம் எதுக்குங்க? எங்க தாத்தா காலத்துல பிளாஸ்டிக்கா போட்டாங்க?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. தாத்தா காலத்தில் சுண்ணாம்புத் தரை. கடல் சிப்பியைச் சுட்டு, அரைத்துப் போட்டார்கள். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பு பல நாட்டில் பெயர் பெற்றது. சாணத் தரையும் சுண்ணாம்புத் தரையும் மூச்சு விடும். ஏறிய ஈரம் தங்காமல் காற்றில் போய்விடும். சிமெண்ட் அவ்வளவு மூச்சு விடாது. அதன் மேல் பெயிண்டும் அடித்தால் சுத்தமாக மூச்சு அடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் சிமெண்ட் செய்ய முதல் முயற்சி 1904ஆம் ஆண்டில் சென்னையில்தான் நடந்தது. அதுவும் கடல் சிப்பியிலிருந்து. அந்த ஆலை நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் வந்த ஆலைதான் நிலைத்தது.

இனி மேல் தரை. மேல் தரைக்கு ஒரு பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு சின்ன ஜல்லி. கனம் ஒன்றரை அங்குலம். அடிக் கான்கிரீட் இறுகிப் போயிருந்தால், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கழுவி, ஈரப்படுத்தி, சிமெண்ட் பால் தடவி, அது காயும் முன்பே மேல் தரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒட்டாது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் மணல் வாசலிலேயே கிடக்கிறது. இலவசம். ஆனால் அதைத் தொடக் கூடாது. சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் உப்புக் கசியும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடல் மணலில் போட்ட தரையும் அந்த உப்பு ஜாடிதான். கம்பி இருந்தால் அதுவும் துருப்பிடிக்கும். கலவைத் தண்ணீரும் குடிக்கிற தண்ணீர் போல இருக்க வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி தமிழ்நாட்டுக் கரையில் ஏறியது. 2020 ஜூன் 3இல் நிசர்கா புயல் கொங்கணக் கரையைத் தாக்கியது. இப்படிக் கடல் நீர் வீட்டுக்குள் வந்தால், வடிந்த உடனே தரையை நல்ல தண்ணீரால் பல முறை கழுவ வேண்டும். உப்பு உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது ஈரம் கேட்கும்.

கலவையில் தண்ணீர் எவ்வளவு? 50 கிலோ மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர். மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கூட ஊற்றினால் கலவை குழைவாக ஓடும். வேலை சுலபம். ஆனால் கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும்போது, அது இருந்த இடம் துளையாகிவிடும். ஈரம் ஏறுவது அந்தத் துளை வழியாகத்தானே? கொத்தனாருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். வீட்டுக்காரருக்கு முப்பது வருடம் ஈரம்.

முழு அறையையும் ஒரே பாளமாகப் போடக் கூடாது. சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். பெரிய பாளம் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். 4 அடி, அதிகம் போனால் 6 அடிக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். இடையில் கண்ணாடிப் பட்டை நிறுத்தலாம். சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் போட்டு, மறுநாள் மீதியைப் போடுவது நல்லது. அப்போது வெடிப்பு வந்தாலும் பட்டை ஓரத்தில் வரும். கண்ணுக்குத் தெரியாது.

கலவையைக் கொட்டி, மணியாஸ் கட்டையால் மட்டம் பார்த்து இழுத்த பிறகு, ஒரு வேலை இருக்கிறது. அதுதான் கடினமான வேலை. சும்மா இருப்பது. கலவையின் மேல் தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அந்த மினுமினுப்புப் போகும் வரை கரண்டியைத் தொடக் கூடாது. மே மாத வெயிலில் சீக்கிரம் போய்விடும். மழை நாளில் மூன்று, நான்கு மணி நேரம் கூட ஆகும். பெருவிரலால் அழுத்திப் பார்க்கலாம். லேசான தடம் விழ வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் நேரம்.

சாயங்காலம் வீடு திரும்ப வேண்டிய கொத்தனாருக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடிவதில்லை. அவர் ஒரு கை உலர்ந்த சிமெண்டை அள்ளி மேலே தூவுகிறார். சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உடனே கரண்டி போடலாம். தரை கண்ணாடி போல மின்னும். வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது மெல்லிய தோல். அடியில் உள்ள கலவையைவிட அதிகமாகச் சுருங்கும். ஆறு மாதத்தில் தலைமுடி போல வெடிப்பு ஓடும். பிறகு அப்பளம் போலப் பெயர்ந்து வரும். தரை ஏன் புழுதி விடுகிறது என்று கேட்பவர்கள், தூவிய சிமெண்டைத்தான் தினமும் கூட்டிக் கொட்டுகிறார்கள். உலர்ந்த சிமெண்டைத் தூவக் கூடாது என்பது நல்ல வேலைக்கான விதி. பளபளப்பு வேண்டுமானால், அடிக்கலவை பச்சையாக இருக்கும்போதே சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துப் பாலாக ஊற்றித் தேய்க்கலாம். அது கலவையோடு ஒன்றாகிவிடும்.

இரும்புக் கரண்டியால் ஒரு தடவை தேய்த்தால் போதாது. இடைவெளி விட்டு இரண்டு, மூன்று தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் துளை அடைபடும். இதைவிட நல்ல 'சீல்' எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்காது. குளியலறையிலும் வாசலிலும் மட்டும் இப்படி வழுவழுப்பாக்கக் கூடாது. அங்கே துடைப்பத்தால் இழுத்துக் கோடு போட்டுவிட வேண்டும். தண்ணீர் ஓட 4 அடிக்கு 1 அங்குலம் சரிவு.

சிவப்புத் தரை வேண்டும் என்பவர்களுக்கு: காவி நிறத் தூள், சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலு குறையும். முழு அறைக்கும் வேண்டிய தூளையும் சிமெண்டையும் ஒரே நேரத்தில் உலர்ந்த நிலையில் கலந்துகொள்ள வேண்டும். பாதியில் மறுபடி கலந்தால் நிறம் மாறி, தரையில் இரண்டு வீடு தெரியும்.

இப்போது தரை போட்டாயிற்று. இனி வேலை கொத்தனாருக்கு அல்ல, வீட்டாருக்கு. பெரும்பாலும் பெண்களுக்கு.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. காய்வது வேறு, இறுகுவது வேறு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். தண்ணீர் போய்விட்டால் இறுகுவது பாதியில் நின்றுவிடும். முதல் நாள் நனைத்த சாக்கால் மூடி வைக்க வேண்டும். அடுத்த நாள் முதல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். எத்தனை நாள்? இப்போது கடையில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் இன்னும் நல்லது.

குழாயில் தண்ணீர் ஒரு வேளைதான் வரும், பத்து நாள் பாத்திக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் மூடினால் தண்ணீர் ஆவியாகாது. ஒரு நாளைக்கு ஒரு குடம் போதும். பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று, புதன்கிழமை நல்ல நாள் என்று ஐந்தாம் நாளே சாக்கை எடுத்துவிடுகிற வீடுகள்தான் அதிகம். தரை போட்ட தேதியைப் பார்த்துப் பிறகு பால் காய்ச்ச நாள் குறிப்பதே நல்லது.

மேல் பூச்சு எப்போது? தரை போட்டு 28 நாள் ஆன பிறகு. அதுவும் நன்றாக உலர்ந்த பிறகு. பூச்சு எதற்கு என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மேலே சிந்துவதைத் தடுக்கும். எண்ணெய், மஞ்சள், தேநீர். கீழே இருந்து ஏறுவதை அது தடுக்காது. தாள் போட்ட தரைக்கு எந்தப் பூச்சும் நிற்கும். தாள் இல்லாத தரைக்கு மூச்சு விடும் பூச்சுத்தான்.

மெழுகும் தேங்காய் எண்ணெயும் பழைய முறை. காவித் தரைக்கு இன்றும் அதுதான். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் சிமெண்டையும் மணலையும் நிறத் தூளையும் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்துத் தரை ஓடு செய்கிறார்கள். அதற்குப் பெயிண்ட் கிடையாது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மினுங்கும். எண்ணெய் தடவினால் மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும், தூசியும் ஒட்டும்.

புழுதி விடும் தரைக்குச் சோடியம் சிலிகேட் என்று ஒரு திரவம் இருக்கிறது. ரசாயனக் கடையில் கிடைக்கும். ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்து, நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள் தடவ வேண்டும். இது தோல் போல மேலே நிற்பதில்லை. தரைக்குள் போய், அங்கே உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகி, துளையை இறுக்கும். சிலேன், சிலாக்சேன் என்று பெயர் போட்ட திரவங்களும் விற்கிறார்கள். அவை மேலே விழும் தண்ணீரைத் தள்ளும், ஆவியை வெளியே விடும். விலை கூட. எப்பாக்சி பெயிண்ட் பளபளப்பானது, உறுதியானது, ஆனால் துளியும் மூச்சு விடாது. அந்த வீட்டில் உரிந்த பெயிண்டுக்கு அது அண்ணன் முறை. எந்தப் பூச்சாக இருந்தாலும் முதலில் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கினால் பூச்சும் இறங்கும். தண்ணீர் முத்துப் போல நின்றால், தரையில் பழைய மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. பூச்சு ஒட்டாது.

பூச்சு வாசனை உள்ளதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தரை போட்ட பிறகு புளி, எலுமிச்சை, மோர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். புளிப்பு எல்லாம் சிமெண்டைத் தின்னும். கறை போக்க ஆசிட் ஊற்றுகிறவர்கள் கறையோடு தரையையும் சேர்த்துக் கரைக்கிறார்கள்.

இனி, பழைய ஈரத் தரை உள்ளவர்கள் என்ன செய்வது? உடனே உடைக்க வேண்டாம். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். சுவரை ஒட்டி மண் ஏறிக் கிடக்கிறதா? குளித்த தண்ணீர் சுவர் ஓரமாகவே தேங்குகிறதா? கூரைத் தண்ணீர் அங்கேயே சொட்டுகிறதா? மண்ணைத் தாழ்த்தி, ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினாலே பல வீடுகளில் பாதி ஈரம் நிற்கும். அதற்குக் கடப்பாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அதற்குப் பிறகும் ஈரம் இருந்தால், பழைய தரையின் மேலேயே 250 மைக்ரான் தாள் விரித்து, அதன் மேல் 2 அங்குலம் புதுக் கான்கிரீட் போடலாம். கதவின் அடியைக் கொஞ்சம் அறுக்க வேண்டி வரும். அதற்கும் பணம் இல்லாதவர்கள் உரிந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் கூட நல்லது. தரைக்கு மூச்சு வரும்.

வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலைச் சுடும். உடனே வலிக்காது. இரவில்தான் தெரியும். சித்தாள் பெண்கள் வெறுங்காலோடு கலவையில் நிற்பதை எல்லா இடத்திலும் பார்க்கலாம். ரப்பர் காலணியும் கையுறையும் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. கலவை பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தரையை இயந்திரம் வைத்துத் தேய்ப்பதானால் தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசியில் உள்ள மணல் துகள் நுரையீரலில் போய்த் தங்கும். அது திரும்பி வராது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதும் என்பது தவறு. அவ்வளவு சின்னத் துகளைக் கைக்குட்டை நிறுத்தாது.

புதுத் தரைக்கு முதல் மழைக்காலம்தான் பரீட்சை. ஜூலை மாதம் ஒரு நாள், அறையின் நடுவில் ஒரு தாள், சுவர் ஓரத்தில் ஒரு தாள் என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சுவர் ஓரத்தில் மட்டும் துளி இருந்தால், தாளை மடக்கிய இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த ஓரத்தைக் காட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் அடியில் உலர்ந்திருந்தால் பாயை விரித்துப் படுக்கலாம்.